சட்டைப் பைக்குத் திரும்பிய நோட்டு

சோம்புத் தட்டில் கிடந்த நோட்டை எடுத்து, நாலாக மடித்து, எதிரில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பைக்குள் ஒருவர் செருகிவிட்டார்.

நடந்தது அவ்வளவுதான். கூப்பாடு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அந்த மேசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மாள் வாயில் போட்ட சோம்பை மெல்லாமல் வைத்திருந்தார்.

நோட்டைத் தட்டில் வைத்தவர் ராமையா. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், மானாவாரி விவசாயம், பெண்ணைப் பெற்றவர். அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தவர் கந்தசாமி. எங்கள் ஊர் விளிம்பில் மளிகைக் கடை வைத்திருந்தார், மாப்பிள்ளையைப் பெற்றவர். காலையில் அம்மன் கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடிக்கலாம் என்று வந்திருந்தார்கள். கிராமத்துக்குப் போய்ப் பார்த்து, அது அமையாமல் போனால் நாலு பேர் வாயில் விழ வேண்டும். அதற்கு இது மேல் என்று அப்போது எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த பழக்கம்.

"டிப்ஸ பில்லுலயே போட்டுட்டான் அண்ணாச்சி. ரெண்டு தடவ எதுக்குக் குடுக்கிய?" என்றார் கந்தசாமி, சாதாரணமாக.

ராமையா பையிலிருந்து நோட்டை மறுபடி எடுக்கப் போனார். "வச்சது வச்சதாவே இருக்கட்டும்."

கந்தசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருங்க, நான் சொல்லுதேன்ல."

ராமையாவின் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குக் கேஷ் மேசையிலிருந்தே தெரிந்தது. சாப்பாட்டுக்கு நான்தான் கொடுப்பேன் என்று அவர் ஏற்கெனவே மல்லுக்கட்டித் தோற்றிருந்தார். "கூப்பிட்டவன் நான், பில்லு என்னோடது" என்று கந்தசாமி வாங்கிக்கொண்டுவிட்டார். அப்ப டிப்ஸாவது என் கையால் வைக்கிறேன் என்றுதான் அந்த மனிதர் நோட்டை வைத்தார். அதுவும் இப்போது பைக்கே திரும்பிவிட்டது.

பக்கத்தில் தண்ணீர் ஜக்கோடு நின்ற சர்வர் தங்கப்பாண்டி, இல்லாத ஒரு தம்ளரைத் தேடுவதுபோல அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டான்.

மாடியில் ஒரு குளிர் அறை

நான் அந்தக் கல்லாவுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பி.காம். முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து அதன் ஓரமே கிழிந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓட்டல் வைத்திருந்த அருணாசலம் அண்ணாச்சி மாடியில் ஏசி போட்டு ஒரு ஃபேமிலி ஹால் திறந்தார். கல்லாவுக்கு ஒரு பெண் வேண்டும் என்று என் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார்.

"பொம்பளப் பிள்ளை ஓட்டல் கல்லாவுலயா?" என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். "குடும்பத்தோட வாறவிய மேல ஏறி வரக் கூச்சப்படுதாவ. ஒரு பிள்ளை உக்காந்திருந்தா தைரியமா வருவாவ. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான். முதலில் மாடிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். மழைக்காலத்தில் அது நல்லதாகவும் இருந்தது. கரிசல் மண் செருப்பில் ஏறினால் லேசில் விடுமா? நடக்க நடக்க கனம் கூடும். பளிங்குத் தரையில் அது பதிந்தால் செல்லக்கனி அக்காவுக்குத்தான் பாடு. மேசை துடைப்பது, தரை துடைப்பது, இலை எடுப்பது எல்லாம் அவள்தான். கணவன் இல்லை. ஒரே மகள் தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கோடையில் சிலர் வெறும் காபி வாங்கிக்கொண்டு அந்தக் குளிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பாஞ்சாலங்குறிச்சி கோட்டையைப் பார்த்துவிட்டு வேனில் வரும் வெளியூர்க்காரர்கள் கதவைத் திறந்ததும் "அப்பாடா" என்பார்கள். அந்த 'அப்பாடா'வைக் கேட்டால் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிடும்.

காப்பித் துட்டு

டிப்ஸ் என்ற சொல் மாடிக்குத்தான். கீழே அதற்குப் பெயர் காப்பித் துட்டு.

கீழே சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் சந்தைக்கும் கமிஷன் கடைக்கும் வரும் சம்சாரிகள், விவசாயம் பார்க்கிறவர்கள். அவர்கள் ஒவ்வொரு தடவையும் வைக்க மாட்டார்கள். வெள்ளாமை வந்தால் வைப்பார்கள். இடைசெவல் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவர் காசே வைத்ததில்லை. தை மாதத்தில் துண்டில் காய்ந்த பயற்று நெத்து கட்டிக்கொண்டு வந்து, தனக்கு எப்போதும் பரிமாறுகிற ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஆள் லீவில் இருந்தால் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார், மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மாடியில் வேறு மாதிரி. ஒரு டீச்சரம்மா கணவரோடு வருவார். கணவர் பில் கொடுத்துவிட்டு மீதியை எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்குவார். டீச்சரம்மா பாதிப் படியில் "கைக்குட்டையை விட்டுட்டேன்" என்று திரும்பி வந்து, சோம்புத் தட்டில் காசை வைத்துவிட்டு ஓடுவார். அவர் கைக்குட்டையை விடாத நாளே கிடையாது. தங்கப்பாண்டி அவருக்குக் கைக்குட்டை டீச்சர் என்றே பெயர் வைத்திருந்தான்.

ஒரு மருந்துக் கம்பெனி ரெப்புக்கு எவ்வளவு வைப்பது என்ற குழப்பம் தீரவே தீராது. வைப்பார், எடுப்பார், சில்லறையை மாற்றி வைப்பார், யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார். சாப்பிட்ட திருப்தியெல்லாம் அந்த நேரத்தில் வியர்வையாகப் போய்விடும்.

இந்த விஷயத்தில் தங்கப்பாண்டி ராஜா. கைக்குழந்தையோடு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொள்வான். வயதானவர்களுக்குக் கேட்காமலே வெந்நீர் கொண்டுவருவான். புதுமணத் தம்பதிக்கு ஓர மேசை. சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. அவனுக்குச் சேர்ந்த அளவு வேறு எவருக்கும் சேராது. செல்லக்கனிக்கு ஒன்றும் கிடையாது. சாப்பிட்டவர்கள் எழுந்து போன பிறகுதானே அவள் மேசைக்கு வருவாள்? அவள் முகமே யாருக்கும் தெரியாது.

பில்லில் புதிதாய் ஒரு வரி

ஒருநாள் கல்யாண ஜவுளி எடுக்க வந்த பெருங்கூட்டம் சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய நோட்டை வைத்துப் போனது. அது என் மேசை, உன் மேசை என்று இரண்டு சர்வர்கள் அடுக்களையில் வைத்துக் கட்டிப் புரண்டார்கள். சாம்பார் அண்டா சரிந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

மறுவாரம் அண்ணாச்சி அச்சாபீசில் புது பில் புக் அடித்து வந்தார். கூட்டுத் தொகைக்கு மேலே ஒரு வரி, 'சேவைக் கட்டணம்'. நூற்றுக்கு ஐந்து. மெட்ராசில் ஒரு பெரிய ஓட்டலில் பார்த்தாராம்.

"இனி எல்லாருக்கும் சமமாப் பங்கு. எச்சி மேசைச் சண்டை இங்கன வேண்டாம்" என்றார்.

சாப்பிட வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் தலையில் விழுந்தது. எத்தனை விதமான முகங்கள்! மருந்து ரெப் மட்டும் கும்பிடாத குறைதான். "நல்ல காரியம் பண்ணுனீங்க மேடம். இனி நிம்மதியாச் சாப்பிடலாம்." கைக்குட்டை டீச்சரின் கணவர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சண்டைக்கு வந்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். ஒரு கமிஷன் கடை முதலாளி, "நானாக் குடுத்தா அது தர்மம். நீயா எடுத்தா அதுக்கு என்ன பேருத் தாயி?" என்று கேட்டுவிட்டுக் கட்டணத்தையும் கொடுத்து, மேலே டிப்ஸும் வைத்துவிட்டுப் போனார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பில்லையே பார்த்தபடி நின்றுவிட்டுக் கொடுத்துப் போனவர்கள்தான் நிறைய.

போகப் போக எல்லோருமே தட்டில் வைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஆனால் பங்கு மட்டும் வரவில்லை. முதல் மாதம் ஏசிக்கு வந்த கரண்ட் பில் அண்ணாச்சியையே கலக்கிவிட்டது. அடுத்த மாதம் மெஷின் ரிப்பேர். தீபாவளிக்குச் சேர்த்துத் தருகிறேன் என்றார். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. தங்கப்பாண்டியின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ராமையாவும் கந்தசாமியும் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார்கள்.

"யாருக்குப் போவுது?"

நோட்டைப் பையில் செருகியதும் கந்தசாமி பில்லை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். பணத்தை எண்ணி வைத்தார். வைத்தவர் போகவில்லை.

"தாயி, சேவைக் கட்டணம்னு போட்டிருக்கே, இது அந்தத் தம்பிக்குப் போவுதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஏன் போட்டீர்கள் என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். யாருக்குப் போகிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் பார்த்தேன். பேப்பர் இறங்கவில்லை. ஆனால் வாசிக்கிற கண் அப்படி ஒரே இடத்தில் நிற்காது.

வீட்டில் தம்பி பாலிடெக்னிக் சேர்ந்திருந்தான். இந்த வேலை போனால் இன்னொரு கல்லா எனக்கு எங்கே இருக்கிறது? இதெல்லாம் மனதில் ஓடியது. ஓடி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இன்னும் போகலைங்கய்யா."

கந்தசாமி கல்லாவை ஒட்டிக் குனிந்தார். பிறகு, எனக்கும் அண்ணாச்சிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எளவட்டத்துல பம்பாயில ஓட்டல்ல மேசை தொடச்சவன் நான். மேசைல கெடக்குற துட்டை எடுக்கக் குனியும்போது, சாப்ட்டுப் போறவன் வாசல்ல நின்னு ஒரு பார்வை திரும்பிப் பாப்பான். எடுத்துட்டானான்னு. அந்தப் பார்வை இன்னும் எம் முதுகுல இருக்கு. கூலியோட சேத்துக் குடுத்தா நிமிந்து வாங்கலாம். பில்லுல இதைப் பாத்ததும் எனக்குச் சந்தோசம். அதான் பொண்ணு வீட்டு அண்ணாச்சி வச்ச நோட்டை எடுத்துக் குடுத்துட்டேன். நீ போகலைங்கியே தாயி."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

மேசைக்குத் திரும்பிப் போனார். ராமையாவுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, அந்த நோட்டைக் குடுங்க. வச்சிருவோம்."

ராமையா எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வச்சா எடுத்து எம் பையில திணிக்கிய. இப்பக் குடுங்கன்னு கேக்கிய. என்னய வச்சு வெளையாடுதியளோ? நாளைக்கு எம் பிள்ளையவும் இப்படித்தான் கூட்டிட்டுப் போயி, திருப்பி அனுப்பி, மறுபடியும் கேப்பியளோ?"

கந்தசாமி வாயைத் திறந்தார். சுற்றிப் பார்த்தார். பெண் வீட்டார் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் வியாபாரம் செய்து சம்பாதித்து வந்தவர் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

ராமையா வீட்டார் படியிறங்கிப் போனார்கள். கடைசியாக எழுந்தவள் அந்தப் பெண், சண்முகத்தாய். மாப்பிள்ளைப் பையன் பாலமுருகன் விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

மிசின் தின்றது

மூன்று மணிக்குமேல் கூட்டம் இருக்காது. கரண்டை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவோம். வெளியே கானல் ஓடும். அந்த வேக்காட்டில் அண்ணாச்சி என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் கணக்கை முடித்துச் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

"சாவிய உள்ள வையி" என்றார்.

"நீ சொன்னது சரிதான். எம் மூஞ்சிக்கு முன்னால சொன்னியேன்னு முதல்ல வருத்தம். பொறவு யோசிச்சேன், முதுகுக்குப் பின்னால சொல்லிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்தத் துட்டுல ஒரு பைசா நான் திங்கல ராஜி. எல்லாத்தையும் இந்த மிசினுதான் தின்னுச்சு. ஒங்க மதினி நகை பூராவும் பேங்குல அடகுலதான் கெடக்கு."

எனக்கு அவர் மேலும் இரக்கமாகத்தான் இருந்தது. மாடிக்கு ஏறி வரும் ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று அவர் கூப்பிடும்போது அதில் பொய் இருந்ததில்லை.

அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். வருகிற ஒண்ணாந்தேதி முதல் சம்பளத்தோடு பங்கு வரும், எல்லோருக்கும் சமம் என்றார்.

"எனக்குமா?" என்றாள் செல்லக்கனி.

"ஒனக்குந்தான்."

"எதுக்கு? மேசை தொடைக்கதுக்குத்தான் சம்பளம் தாரியளே."

"மேசை தொடச்சாத்தானே அடுத்த ஆளு உக்காருவான்? வாங்கிக்கோட்டி" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் கலைந்த பிறகு தங்கப்பாண்டி என்னிடம் வந்தான். "நான் சிரிச்சுப் பேசி, கொழந்தையத் தூக்கி, நாலு ஆளு வேலைய ஒத்தையாப் பாத்துச் சேக்குறதுலதான் எங்கக்காவுக்குச் சீர் செய்யுதேன். எல்லாருக்கும் சமம்னா நான் எதுக்குக்கா சிரிக்கணும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில மாதங்கள் கழித்துத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டான். போகும்போது கோபித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, காபி கொண்டுவந்த புது சர்வருக்குத் தட்டு நிறையச் சில்லறை வைத்துவிட்டுப் போனான்.

செல்லக்கனி முதல் பங்கை வாங்கி என்ன செய்தாள் தெரியுமா? கண்ணாடி போட்டாள். அது வந்த பிறகுதான் இத்தனை நாளும் அவளுக்குக் கிட்டத்துப் பொருள் மங்கலாகத் தெரிந்திருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியும். "இந்த மேசையில இவ்வளவு கீறலா?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

நூல் பிசிறோடு வந்தவள்

அந்தப் பெண் பார்க்கும் சாப்பாடு நடந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் சண்முகத்தாய் தனியாக மாடியேறி வந்தாள். சேலையில் அங்கங்கே நீலமும் வெள்ளையுமாக நூல் பிசிறு ஒட்டியிருந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட்டில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

"காபி சாப்பிடுதியா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அன்னைக்கு அந்த மாமா ஒங்ககிட்ட வந்து என்னமோ கேட்டாவல்லா? அது என்னன்னு தெரியணும். வீட்டுல எங்கய்யா அவியள மகாக் கஞ்சன்னு சொல்லிக்கிட்டிருக்காவ. எனக்கு அப்படித் தெரியல. கஞ்சன்னா மறுபடியும் நோட்டைக் குடுங்க, வப்போம்னு ஏன் கேக்கணும்?"

எனக்கு யோசனையாகத்தான் இருந்தது. மற்றொருவர் வாழ்க்கையில் நடந்ததை நான் எடுத்துச் சொல்லலாமா? ஆனால் கந்தசாமி அதைத் திருட்டுப்போல ஒளித்துச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வெகுகாலம் வைத்திருந்ததைச் சொன்னதுபோலத்தான் இருந்தது. அவர் கேட்டது, நான் சொன்னது, பம்பாய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மடியில் கிடந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்து விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க யூனிட்டுல பீஸுக்கு இம்புட்டுன்னு கூலி. அதுக்கு மேல மேஸ்திரிக்குப் பிடிச்சிருந்தா சனிக்கெழம ஏதோ சேத்துத் தருவாரு. அதுக்காவண்டி வாரம் பூரா அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே தைக்கணும்க்கா. சிரிச்சா சிரிக்கணும். மாமா சொன்னது எனக்கு வெளங்குது" என்றாள். எழுந்தாள். "எங்கய்யாட்ட நானே சொல்லுதேன்."

"ஒனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"எல்லாரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னாவ. அவிய மட்டுந்தானே நாற்காலியத் தூக்கி வச்சாவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்து அவள் வந்தது கல்யாணப் பத்திரிகையோடு. என்ன நடந்தது என்று அவளே சொன்னாள். ராமையா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புஞ்சைக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். மறுநாள் தனியாகப் புறப்பட்டுக் கந்தசாமியின் மளிகைக் கடைக்கே போய்விட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன?" என்று கேட்டாராம்.

"எச்சி மேசை தொடச்சவன்னு தெரிஞ்சா பொண்ணு தருவியளோன்னு ஒரு பயம்."

"மானாவாரிக்காரன்கிட்ட சொல்லவா பயந்திய? நான் வருசா வருசம் வானத்தப் பாத்து ஏந்துன கைய இன்னும் எறக்கலையே சம்மந்தி."

அந்தச் 'சம்மந்தி'யிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் ஓட்டலின் சேவைக் கட்டணமும் வெகுகாலம் இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இன்னும் இரண்டு ஏசி ஓட்டல் வந்தது. "அங்கன இதெல்லாம் கெடையாது" என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்ததும் அண்ணாச்சி அந்த வரியை எடுத்துவிட்டார். சாப்பாட்டு விலையைக் கொஞ்சம் கூட்டி, சம்பளத்தையும் கூட்டினார். விலையைக் கூட்டியதற்கு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. மனுஷ மனசு அப்படி.

கடைசிப் பந்தி

கல்யாணம் வைகாசியில், பெண்ணின் ஊரில். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கிய வெறும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நானும் செல்லக்கனியும் போயிருந்தோம். அவள் மகளின் சேலையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியோடு, டீச்சர் மாதிரி இருந்தாள்.

முதல் பந்தியிலேயே எங்களைக் கூப்பிட்டார்கள். செல்லக்கனி உட்காரவில்லை. "பொறவு சாப்பிடுதேன், நீ சாப்பிடு" என்று ஒதுங்கிவிட்டாள். நான் கை கழுவி வந்து பார்த்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஊர்ப் பெண்களோடு சேர்ந்து இலை எடுத்துக்கொண்டிருக்கிறாள்! விருந்துக்கு வந்த இடத்தில் என்ன வேலை என்று நான் கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

எல்லாப் பந்தியும் முடிந்தது. சமையல்காரர்களும், பரிமாறியவர்களும், இலை எடுத்த பெண்களும் மிச்சம். வழக்கமாக அவர்கள் அடுப்படி ஓரத்தில், கிடைத்த இடத்தில் குத்தவைத்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள். கந்தசாமி உள்ளே வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எல்லாரும் பந்தியில வந்து உக்காருங்க. வரிசையா உக்காருங்க."

தலைமைச் சமையல்காரர் பதறிப் போனார். "நீங்க போயி உக்காருங்க முதலாளி. நாங்க எடுத்துப் போட்டுக்கிடுவோம்."

"உக்காருங்கேன்லா."

உட்கார்ந்தார்கள். கந்தசாமி ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் கூட்டு, விரலிடுக்கில் அப்பளத் தட்டு என்று ஏந்திக்கொண்டு வரிசையில் நடந்தார். அந்த வேகத்தையும் இடுப்பு வளைவையும் பார்த்துப் பந்தலில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சொட்டுத் தரையில் விழவில்லை. "பம்பாயில படிச்ச படிப்பு" என்று அவரே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். முன்பு இரண்டே பேருக்குச் சொன்ன அதே விஷயத்தை.

ராமையா பார்த்துக்கொண்டே நின்றார். துண்டை இடுப்பில் கட்டினார். சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பரிமாறத் தெரியவில்லை. கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே அள்ளி அள்ளி வைத்தார். ஒவ்வொரு இலையிலும் இரண்டு ஆள் சோறு.

செல்லக்கனியின் இலைக்கு வந்தபோது அவள் இரண்டு கையாலும் மறித்தாள். "போதும் ஐயா, போதும்."

"என்ன போதும்? எம் மக கல்யாணச் சோறு. கைய எடு தாயி" என்றார் ராமையா.

அவள் கையை எடுத்தாள்.